அட்டையில் இல்லாத தமிழ்

சென்ற ஆண்டு என் தம்பி மகளின் கல்யாணத்திற்காகப் பாரீசிலிருந்து எல்லோரும் புதுச்சேரி வந்திருந்தார்கள். கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறைகள் எடுத்தார்கள். எங்களுக்கும் ஓர் அறை. "வீட்டை வைத்துக்கொண்டு விடுதியில் தங்குவதா?" என்று என் மனைவி சிரித்தாள். இரண்டு இரவு தங்கினோம்.

குளியலறையில் ஓர் அட்டை இருந்தது, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். தண்ணீரைச் சேமிக்க உதவுங்கள், துண்டைக் கொக்கியில் மாட்டினால் மாற்ற மாட்டோம், தரையில் போட்டால் மாற்றுவோம் என்று எழுதியிருந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். அந்த மொழியில் மரியாதையாகக் கேட்டால் மறுக்க வராது. மாட்டிவிட்டுத்தான் போனேன். மாலையில் திரும்பினால் புதுத் துண்டு!

மறுநாள், அறை சுத்தம் செய்ய வந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஏம்மா, நான் மாட்டித்தானே வைத்திருந்தேன்?"

"அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க ஐயா. சூப்பர்வைசர் வந்து பார்க்கறப்போ துண்டு கசங்கியிருந்தா எனக்குத்தான் திட்டு. புதுசு வெச்சுட்டா ஒரு பேச்சும் இல்ல."

வீடு எங்கே என்று கேட்டேன். கடலோரத்தில்தானாம். போர் தண்ணீர் உப்பாகிவிட்டதால் குடிக்கக் கேன் வாங்குகிறார்களாம். கரையோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே புகுந்துவிடும். அந்தக் கஷ்டத்தை அன்றாடம் அனுபவிப்பவரிடம் அட்டை ஒரு வார்த்தை பேசவில்லை.

இரவு சாப்பாட்டின்போது தம்பி மகனிடம் சொன்னேன். அவன் மேலாண்மை படித்தவன். "இதற்கே ஒரு பாடம் இருக்கிறது பெரியப்பா, பசுமை மனிதவள மேலாண்மை" என்றான். ரென்விக் என்பவரும் இன்னும் இருவரும் 2013-இல் எழுதிய கட்டுரை அதில் முக்கியமானதாம். ஊழியருக்குத் திறன் வேண்டும், ஊக்கம் வேண்டும், பங்கெடுக்க வாய்ப்பு வேண்டும். ஆள் எடுப்பது, பயிற்சி, மதிப்பீடு, வெகுமதி எல்லாவற்றிலும் சுற்றுச்சூழல் ஓர் அங்கமாக வேண்டும் என்று விளக்கினான்.

எனக்கு அலுவலக நாட்கள் நினைவுக்கு வந்தன. வெளியே போகும்போது மின்விசிறியை நிறுத்தவும் என்று சுற்றறிக்கை வரும். எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். ஆண்டுதோறும் எங்களைப் பற்றி மேலதிகாரி எழுதிய ரகசிய அறிக்கையில் விசிறிக்கென்று ஒரு கலமும் இருந்ததில்லை. எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் செய்தோம். அந்த அம்மாவும் அதையேதான் செய்கிறார்.

அறையைக் காலி செய்யும்போது வரவேற்பில் கருத்துப் படிவம் நீட்டினார்கள். துண்டை மாற்றிவிட்டார்கள் என்று எழுதினால் யார் தலை உருளும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் யோசித்து இப்படி எழுதினேன்: "ஊழியர்கள் அருமையாகக் கவனித்தார்கள். அட்டையைத் தமிழிலும் அச்சிட்டு, முதலில் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். விருந்தினர் மாட்டிய துண்டை அப்படியே விட்டால் திட்டாதீர்கள், பாராட்டுங்கள்."

அறை எண்ணுக்கான இடத்தை மட்டும் நிரப்பாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.