கழித்தது போக

மார்க்கஸ் ரேய்கிள் என்றதும் எனக்கு அவருடைய ஒரு கோப்புதான் நினைவுக்கு வரும். அதன்மேல் ‘எம்எம்பிஏ’ என்று எழுதி வைத்திருந்தாராம். மூளையின் பின்நடுவில், என்ன செய்கிறதென்றே பிடிபடாத ஓர் இடத்துக்கு அவர் வைத்த சுருக்கப் பெயர்.

1971இல் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்த நரம்பியல் மருத்துவர் அவர். அங்கே இயற்பியலாளர் மிஷெல் டெர்-பொகோசியன் மருத்துவ வளாகத்திலேயே சைக்ளோட்ரான் வைத்திருந்தார். அதில் தயாராகும் கதிரியக்க ஆக்சிஜன்-15 வெளியூரிலிருந்து வரவழைக்கிற சரக்கா? இரண்டே நிமிடத்தில் பாதியாகிவிடும். தயாரித்த கையோடு உடலில் ஏற்றி, மூளையில் ரத்தம் எங்கே கூடுகிறதென்று பெட் ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும். சொல்லைப் படிக்கும்போது ஒரு படம். வெறுமனே ஒரு குறியைப் பார்த்தபடி கிடக்கும்போது ஒரு படம். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் மிஞ்சுவது படிப்புக்கான இடம். ஸ்டீவன் பீட்டர்சன், மைக்கேல் போஸ்னர் முதலானோருடன் 1988இல் அவர் வெளியிட்ட பேர்பெற்ற ஆய்வு இப்படி வந்ததுதான்.

அம்மாவுக்கு எம்ஆர்ஐ எடுத்த நாள் ஞாபகம் வருகிறது. “எதையும் யோசிக்காம படுத்திருங்கம்மா” என்றார் டெக்னீஷியன். வெளியே வந்தவள் காதுப் பஞ்சை எடுத்துக்கொண்டே, “கேஸை மூடினேனாடா?” என்றாள். பிறந்த வீட்டுக் கிணற்றடி, தம்பி கல்யாணத்துப் பந்தல், எனக்கு இன்னும் பெண் அமையாதது, எல்லாம் உள்ளே வந்துபோயிருக்கின்றன.

ரேய்கிளின் படங்களிலும் அப்படித்தான். வேலை கொடுத்தால் சில இடங்கள் அடங்கின. வேலை ஓய்ந்தால் மும்முரமாயின. கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிடுவது எத்தனை சுலபம்! அவர் ஒதுக்கவில்லை, கோப்பில் சேர்த்துக்கொண்டே போனார். அந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 2001இல், வேலை ஓய்ந்தபோது தெரிந்த அந்த மும்முரத்துக்கு மூளையின் இயல்பு நிலை என்று அவர் குழு பெயரிட்டது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை 20 சதவீத ஆற்றலைத் தின்கிறது. நாம் மெனக்கெட்டுச் செய்யும் வேலைக்குக் கூடுதலாகச் செலவாவது 5 சதவீதம்கூட இல்லை. அவர் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிய கணக்கு இது.

2014இல் பிரெண்டா மில்னர், ஜான் ஓ’கீஃப் ஆகியோருடன் அவருக்கு நரம்பியலுக்கான காவ்லி பரிசு கிடைத்தது. அல்சைமர் நோயில் அமிலாய்டு என்ற புரதம் படிவது பெரும்பாலும் இந்த இயல்பு நிலை இடங்களில்தான் என்று அதற்கு முன்பே, 2005இல், ராண்டி பக்னர் குழு காட்டியிருந்தது. ஓய்விலிருக்கும் மூளையையே படமெடுப்பதால், சொன்ன வேலையைச் செய்ய இயலாத குழந்தைகளையும் சுயநினைவற்றவர்களையும்கூட இன்று ஆராய்கிறார்கள். அவர்கள் படுத்திருந்தாலே போதும்.