மணிமாலிகையின் கதையைச் சொன்னவர் யார்?

பேய்க் கதைகளை நான் நெடுநாள் மதித்ததில்லை. மக்களின் பசியையும் உழைப்பையும் எழுதவேண்டியவன் எலும்புக்கூடுகளோடு உறவாடுவது பொறுப்பற்ற செயல் என்று வகுப்பறையிலும் நண்பர் மத்தியிலும் அடித்துச் சொல்லிவந்தவன் நான். அந்த எண்ணத்தை அசைத்தது விமரிசன நூல் எதுவுமன்று. ஒரு திரைப்படமும், அதைப் பார்த்து முடித்தபின் ஒரு மாணவி கேட்ட கேள்வியுமேயாகும்.

தாகூரின் நூற்றாண்டு விழா 1961ஆம் ஆண்டில் கொண்டாடப்பட்டபோது, சத்யஜித் ராய் அவருடைய மூன்று சிறுகதைகளை எடுத்து 'தீன் கன்யா' என்ற ஒரே படமாக்கினார். போஸ்ட்மாஸ்டரின் கதையும் 'சமாப்தி'யும் பலரும் அறிந்தவை. இடையில் வரும் 'மணிஹாரா', வெளிநாடுகளுக்குச் சென்ற பிரதிகளில் நீக்கப்பட்டிருந்தது. ஆகவே பல ஆண்டுகளாக நானும் இரண்டு பெண்களைத்தான் அறிந்திருந்தேன். மூன்றாமவளைச் சந்திக்கக் காலம் பிடித்தது.

கதை இதுதான். பணிபூஷண் செல்வந்தன், படித்தவன், மென்மையானவன். அவன் மனைவி மணிமாலிகைக்குப் பிள்ளையில்லை. அவள் கேட்காமலே நகைகள் வந்து குவிகின்றன. ஒரு நாள் அவனுடைய வியாபாரம் ஆட்டங்காண்கிறது. நகைகளைத் தந்தால் தப்பலாம் என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறான். அவள் பதில் சொல்லவில்லை. அவன் பணந்தேடிக் கல்கத்தா சென்ற வேளையில், நகைகள் அனைத்தையும் உடம்பில் அணிந்துகொண்டு, தூரத்து உறவினன் ஒருவனோடு இரவோடிரவாகப் படகேறுகிறாள். அதன்பின் அவளைக் கண்டவர் இல்லை. திரும்பிவந்த கணவன் வெறும் வீட்டில் காத்திருக்கிறான். இரவில் ஆற்றங்கரைப் படிகளிலிருந்து ஓர் ஒலி ஏறி வருகிறது: எலும்பும் பொன்னும் உரசும் ஒலி.

இவ்வளவையும் நமக்கு நேரே சொல்பவர் தாகூர் அல்லர். பாழடைந்த மாளிகையின் படித்துறையில், முன்பின் அறியாத ஒருவரைப் பிடித்துவைத்து, மெலிந்து வாடிய பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சொல்கிறார். கதைக்குள் கதை என்னும் இவ்வுத்தி பேய்க் கதைகளின் பழைய மரபு. நம்ப முடியாததை நம்பவைக்க ஒரு சாட்சி வேண்டும். அச்சாட்சியும் சற்றே ஐயத்துக்குரியவராக இருந்தால், நம்புவதா மறுப்பதா என்ற சுமை வாசகனின் தலையில் ஏறிவிடும். நெஞ்சை நடுங்கவைப்பது பேயன்று, அந்த ஐயமே.

இதே 1898ஆம் ஆண்டில் ஹென்றி ஜேம்ஸும் 'தி டர்ன் ஆஃப் த ஸ்குரூ' என்ற குறுநாவலை வெளியிட்டார். அங்கும் கதை நேராக வருவதில்லை. இறந்துபோன ஆசிரியை ஒருத்தியின் கையெழுத்துப் பிரதியை, கணப்படுப்பைச் சுற்றியிருப்போருக்கு ஒருவர் படித்துக் காட்டுகிறார். அதுவும் 1961இலேயே ஜாக் கிளேட்டனால் 'தி இன்னொசென்ற்ஸ்' என்ற படமாயிற்று. கிளேட்டன் அச்சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டார். படித்துக் காட்டுபவரும் கேட்பவரும் இல்லை. ஆசிரியையின் முகமே நம் சாட்சி. பேய்கள் வெளியே நிற்கின்றனவா, அவள் மனத்திலா என்பதை அம்முகத்திலேயே தேடவேண்டியிருக்கிறது. ராய் மாறாகச் சட்டத்தை வைத்துக்கொண்டார். ஆனால் அதன் முடிச்சை வேறுவிதமாக அவிழ்த்தார்.

தாகூரின் கதையில், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டிருந்த அந்நியர், தம் பெயர்தான் பணிபூஷண் என்று கடைசியில் அறிவிக்கிறார். தம் மனைவியின் பெயரோ மணிமாலிகை அன்று, வேறொன்று என்கிறார். அக்கணமே வாத்தியாரின் மாளிகை சரிகிறது. பெண்மனம் எத்தகையது, மென்மையான கணவனை மனைவி ஏன் மதிப்பதில்லை என்றெல்லாம் அவர் இடையிடையே அளந்த தத்துவங்கள் ஊர்வம்பு ஆகிவிடுகின்றன. ராயின் படத்திலோ, போர்வையால் மூடியிருந்த அந்த மனிதர் தம்மைப் பணிபூஷண் என்று சொல்லி மறைந்துவிடுகிறார், கேட்டவரே பேய். பார்ப்போர் திடுக்கிடுகிறார்கள். ஆனால் தாகூரின் எள்ளல் இங்கே மங்குகிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். வாத்தியாரின் கதையைத் தாகூர் பொய்யாக்குகிறார். ராய் அதற்கு ஆவியுலகச் சான்று வழங்குகிறார்.

எனினும் ராய் இழந்ததை வேறோரிடத்தில் ஈடுசெய்கிறார். காமிரா வாத்தியாருக்குக் கட்டுப்பட்டதன்று. அவர் கண்டிருக்கவே முடியாத மணிமாலிகையை அது காண்கிறது. பழைய தளபாடங்களும் அலங்காரப் பொருள்களும் நெருக்கும் பென்னம்பெரிய வீட்டில், பேச்சுத்துணையின்றி உலவும் பெண் அவள். கனிகா மஜும்தாரின் முகத்தில் பேராசையைக் காட்டிலும் அச்சமே மிகுதி. வாத்தியாரின் சொல் அவளைக் குற்றவாளி என்கிறது. காமிரா அவளைத் தனியள் என்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பிளவிலேதான் படத்தின் உண்மை குடியிருக்கிறது. முடிவில் நகைப்பெட்டியை நோக்கிப் பாயும், காப்பணிந்த எலும்புக் கையைக் கண்டு அலறிய நாம், உயிரோடிருந்த கையின் நடுக்கத்தைக் கவனித்தோமா?

நான் கவனிக்கவில்லை. படம் முடிந்ததும் மாணவர்களிடம், சொத்துடைமை மனிதனைப் பிணமாக்குகிறது, பொருளாசை இறந்தும் தீராது என்று நீண்ட விளக்கம் கொடுத்தேன். பிழையான விளக்கமன்று. பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "சேர், நகையைக் குடுத்திட்டால் அவவிட்ட வேற என்ன மிஞ்சும்?" என்றாள். வீடு கணவனுடையது, வியாபாரம் கணவனுடையது, பிள்ளையில்லை. என்னிடம் பதில் இருக்கவில்லை.

அன்றிரவு என் பெரிய மாமியின் நினைவு வந்தது. மாமா புகையிலை வியாபாரி. கடன் முற்றியபோது மாமியின் நகைகளை அடைவு வைக்கக் கேட்டார். மாமி மறுத்து, பொட்டலத்தோடு தமையன் வீட்டுக்கு நடந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் அது ஒரு வேடிக்கைக் கதை. நல்லநாள் பெருநாளில் யாராவது தொடங்குவார்கள்; 'நகைக்கார மாமி' என்ற பட்டத்தோடு கதை முடியும். வாலிபனான பின் அதை நடித்தே காட்டிச் சிரிக்கவைத்தவன் நான்தான். வியாபாரம் விழுந்தபின் மாமி திரும்பிவந்ததையும், காப்பும் சங்கிலியுமாக ஒவ்வொன்றாய் அடைவுகடைக்குப் போய் நான்கு பிள்ளைகள் படித்ததையும் அக்கதையில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் சிரிப்பு வராது.

மாமி சட்டம் படித்தவரல்லர். ஆயினும் யாழ்ப்பாணத்துத் தமிழரின் திருமண உரிமைகள் பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, மனைவி தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டியிருந்தது. நகை போன்ற அசையும் பொருளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. சீதனக் காணி அவர் பெயரில் இருந்தது. அவர் கையில் இருந்தவை நகைகள் மாத்திரமே. வங்காளத்து மணிமாலிகையின் நிலையும் பெரிதும் வேறன்று. அவ்வாறு பார்க்கையில் நகைமோகம் என்பது ஒரு பெண்ணின் மனநோயன்று. உழைப்பிலும் உடைமையிலும் பங்கில்லாதவளுக்குச் சமுதாயம் விட்டுவைத்த ஒரேயொரு பிடிமானம். அந்தப் பிடிமானமே பின் அவளைத் தின்கிறது. தாகூரின் பேய் இந்த நியதியிலிருந்து பிறந்த பேய்.

பேய்க் கதைகளை இப்பொழுது நான் ஒதுக்குவதில்லை. ஆனால் வகுப்பில் ஒரு கதையைத் தொடங்குமுன், இதைச் சொல்பவர் யார், யாருடைய கதையைச் சொல்கிறார், அவள் அங்கே இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்ற கேள்விகளை மாணவர் முன் வைக்கிறேன். படித்துறையில் இருந்து அக்கதையை அளந்தவரும் நம்மைப்போல் ஒரு வாத்தியார்தானே.

மாமி காலமானபோது மரண அறிவித்தலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவருடைய இயற்பெயரை மூத்த மகளிடம் கேட்டுத்தான் எழுதினேன்.