எடின்பரோவில் ஒரு பழைய கடன்

கடன் என்றவுடன் பணக்கடன்தான் நம் நினைவுக்கு வருகிறது. அதற்குச் சீட்டு உண்டு, சாட்சி உண்டு, தவணை தவறினால் வாசலில் வந்து நின்று கேட்பாரும் உண்டு. பிள்ளைகளுக்குப் பெற்றோர் படுகின்ற கடனுக்கு இவை எதுவும் இல்லை. "பிறகு போகலாம்" என்று நாம் சொன்ன சொல்லே அதற்குப் பத்திரம். அப்படி நான் பட்ட கடன் ஒன்று, இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் என் எதிரே வந்து நின்றது.

2024ஆம் ஆண்டு ஜூன் மாத நடுவில், மகளும் மருமகனும் அழைத்ததன் பேரில் அந்நகரில் மூன்று வாரங்கள் தங்கினேன். புறப்படுமுன் எடின்பரோவைப் பற்றி நான் ஆவலோடு அறிந்து வைத்திருந்தது ஒன்றே ஒன்று. அல்பீரூனியின் 'அல்ஆதாருல் பாகியா' நூலுக்குக் கி.பி. 1307ஐ ஒட்டி எழுதப்பட்ட ஓவியப் பிரதியும், ரஷீதுத்தீனின் 'ஜாமிஉத் தவாரீக்' நூலின் அரபுப் பிரதியில் 1314ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரு பகுதியும் அந்நகரப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன என்பதே அது. மதரஸாவில் ஓதிய காலந்தொட்டுப் பெயரளவில் கேட்டு வந்த கிதாபுகள். அவற்றைக் கண்ணால் காண முன்னதாகவே எழுதிக் கேட்டு, ஊர் திரும்புவதற்கு முந்திய நாளைக் குறித்துக்கொண்டிருந்தேன். மற்ற நாட்களை வீட்டிலிருந்து வாசித்தே கழித்துவிடலாம் என்பது என் எண்ணம்.

ஏழு வயதுப் பேரனின் எண்ணம் வேறாக இருந்தது. நான் போய்ச் சேர்ந்த அன்றே ஒரு தாளை நீட்டினான். பீரங்கி ஒன்று, ஆடு ஒன்று, மலை ஒன்று, இரயில் ஒன்று என நான்கு படங்கள். நன்னாவை அழைத்துச் செல்ல வேண்டிய இடங்களாம்.

முதலில் பீரங்கி. நகரின் நடுவே, என்றோ அணைந்துபோன எரிமலையின் இறுகிய பாறைமீது கோட்டை அமைந்திருக்கிறது. அங்கிருந்து பகல் ஒரு மணிக்கு ஒரு பீரங்கி முழங்குகிறது. ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்தவர்களின் இரு பெருநாட்களும் நீங்கலாக, 1861 முதல் நடந்துவரும் வழக்கம் இது. அதற்கு முன், கால்டன் குன்றின் மேலுள்ள நெல்சன் நினைவுக் கோபுரத்தில் ஒரு பெரிய உருண்டையை ஏற்றி, சரியாக ஒரு மணிக்குக் கீழே விழச் செய்தார்கள். லீத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் அதைப் பார்த்துத் தம் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டன. மூடுபனியில் உருண்டை தெரியாது. ஆகவே ஒலியையும் துணைக்கு அழைத்தார்கள். ஒலி மூன்று கல் தொலைவைக் கடக்கவே பத்து விநாடிக்கு மேல் ஆகுமாதலால், எந்த இடத்தில் எத்தனை விநாடி கழிக்க வேண்டும் என்று காட்டும் வரைபடமும் அந்நாளிலேயே அச்சாயிற்று. பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு குண்டு வெடிக்க வேண்டியிருக்கும், ஒரு மணிக்கு என்றால் ஒன்றே போதும். சிக்கனக்காரர்களாகிய ஸ்காட்லாந்தியர் அதனால்தான் ஒரு மணியைத் தேர்ந்தார்கள் என்று ஊரார் தம்மைத் தாமே கேலி செய்துகொள்கிறார்கள்.

கோட்டைக்குள் செல்லக் கட்டணம் உண்டு. கீழேயுள்ள பிரின்சஸ் தெருப் பூங்காவில் நின்று முழக்கத்தைக் கேட்கக் கட்டணம் இல்லை. நாங்கள் அங்கேதான் நின்றோம். பேரன் காதுகளைப் பொத்திக்கொண்டு, கண்களை அகலத் திறந்து வைத்திருந்தான். அந்த மாதத்தில் பீரங்கி முழங்கிக் கால் மணி நேரத்தில் லுஹர் வக்து தொடங்கிவிடுகிறது. பல்கலைக்கழகத்தை அடுத்து, 1998இல் திறக்கப்பட்ட மத்தியப் பள்ளிவாசல் நடை தூரத்தில் உள்ளது. பின்னர் வந்த நாட்களில், வீட்டிலிருந்தபோது, "நன்னா, பீரங்கி நேரம்! ஒளுச் செய்யலையா?" என்று அவனே எனக்கு நினைவூட்டலானான்.

இரண்டாவது ஆடு. சேம்பர்ஸ் தெருவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. இரும்புத் தூண்களும் கண்ணாடிக் கூரையும் கொண்ட அதன் பெரிய கூடம் 1866இல் திறக்கப்பட்டது. உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டியில் டாலி என்னும் ஆடு பாடம் செய்யப்பட்டு நிற்கிறது. வளர்ந்த ஆடு ஒன்றின் மடியிலிருந்து எடுத்த உயிரணுவைக் கொண்டு, நகரை அடுத்த ராஸ்லின் ஆய்வு நிலையத்தில் 1996இல் பிறப்பிக்கப்பட்டது. பேரன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு உம்மா யாரு?" என்று கேட்டான். உயிரணு தந்தது ஒன்று, கருமுட்டை தந்தது ஒன்று, வயிற்றில் சுமந்தது ஒன்று என மூன்று ஆடுகளைச் சொன்னேன். "அப்ப மூணு பேரும் வெளியே கூட்டிட்டுப் போவாங்களா?" என்றான். மகள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மாளிகையில் என்னை நிறுத்தி வைத்தவை வேறு. லூயிஸ் தீவில் 1831இல் கண்டெடுக்கப்பட்ட சதுரங்கக் காய்களுள் பதினொன்று அங்கே உள்ளன. பெரும்பாலானவை வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் தந்தத்தில், ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்டவை. நம் நாட்டுச் சதுரங்கத்தில் யானையாக இருந்து, அரபியரிடம் 'அல்ஃபீல்' என்று அதே பொருளில் வழங்கிய காய், ஐரோப்பாவுக்குச் சென்றதும் கிறிஸ்தவ மதகுருவாக மாறிவிட்டது. உயர்ந்த தொப்பியும் கையில் கோலுமாக அந்தக் குரு இங்கே அமர்ந்திருக்கிறார். ஒரு விளையாட்டு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறதே என்று வியந்தேன். பிள்ளைகளின் விளையாட்டையும் உலாவையும் கல்விக்குப் பகை என்றே எண்ணி வந்தவன் நான். பேரனுக்கு அந்தக் காயின் கதையைச் சொன்னேன். ஒரு மணி நேர வகுப்பில் கற்பிக்க முடியாததை ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னே ஐந்து நிமிடத்தில் கற்பிக்க முடிந்தது.

மூன்றாவது மலை. ஆர்தர்ஸ் சீட் என்பது அதன் பெயர். உயரம் 251 மீட்டர். அதுவும் பழைய எரிமலையே. அதன் அருகிலுள்ள சாலிஸ்பரி செங்குத்துப் பாறைகளை ஆராய்ந்துதான், இவ்வூரில் 1726இல் பிறந்த ஜேம்ஸ் ஹட்டன், உருகிய பாறைக் குழம்பு பழைய படிவுகளுக்கிடையே புகுந்து இறுகியிருக்கிறது என்று கண்டார். பூமியின் வயது மனிதக் கணக்குக்கு மிக அப்பாற்பட்டது என்று உணர்த்திய சான்றுகளுள் அதுவும் ஒன்று. என் முழங்காலோ என் வயதை உணர்த்தியது. பாதி வழியில் அமர்ந்துவிட்டேன். இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது என்பதால் யாருக்கும் அவசரமில்லை. பேரன் உச்சிக்குப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

எஞ்சியது நான்காவது படம். ஃபோர்த் கடற்கழியின் மேல் இரயிலில் போக வேண்டும். ஒரு சனிக்கிழமை குறித்தோம்; மழை கொட்டியது. அடுத்த வாரம் அவனுக்குக் காய்ச்சல். கடைசியில், மருமகனுக்கு விடுப்புக் கிடைத்த நாள், நான் நூலகத்துக்குக் குறித்திருந்த அதே நாளாக அமைந்தது.

"நாங்க மூணு பேரும் போயிட்டு வர்றோம், அத்தா. நீங்க உங்க கிதாபைப் பாருங்க" என்றாள் மகள். அதில் கோபம் சிறிதும் இல்லை. அந்தக் கோபமின்மைதான் என்னைச் சுட்டது. அதே குரலை நான் முன்பும் கேட்டிருக்கிறேன்.

2000ஆம் ஆண்டு, அவளுக்கு எட்டு வயது. நாங்கள் இராமநாதபுரத்தில் இருந்தோம். பாம்பன் பாலத்தின் மேல் இரயிலில் போக வேண்டும் என்று கேட்டாள். 1914 முதல் கடலின் மேல் நின்ற பாலம். எங்கள் ஊரிலிருந்து காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். "பரீட்சை முடியட்டும்" என்றேன். பரீட்சை முடிந்தது, எனக்கு விடைத்தாள் வந்தது. பின்பு நோன்பு வந்தது, பெருநாள் வந்தது, மேல்வகுப்பு, கல்லூரி, திருமணம் எல்லாம் வந்தன. "சரி, அத்தா. நீங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள், ஒருநாள் விமானம் ஏறிவிட்டாள். 2022 டிசம்பரில் அந்தப் பழைய பாலத்தின் மேல் இரயில் ஓடுவதும் நின்றுபோயிற்று.

அன்றிரவே நூலகத்துக்கு எழுதி, வர இயலாமைக்கு வருந்தினேன். அந்த ஏடுகளின் படிமங்களைப் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. எழுநூறு ஆண்டுகள் இருந்த ஏடு இன்னும் இருக்கும். ஏழு வயது அப்படி இருக்காது.

ஃபோர்த் பாலம் 1882இல் தொடங்கி 1890இல் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர். 1879 டிசம்பரில் வடக்கேயுள்ள டே ஆற்றுப் பாலம் புயலில் இடிந்து, ஓடிக்கொண்டிருந்த இரயிலோடு வீழ்ந்தது. அந்த அச்சத்தினால், ஃபோர்த்துக்கு முன்பு வகுத்திருந்த தொங்கு பாலத் திட்டத்தைக் கைவிட்டு, ஃபௌலர், பேக்கர் என்னும் பொறியாளர் இருவர் எஃகினால் இதனைக் கட்டினர். கட்டும்போது எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

வேவர்லி நிலையத்தில் ஏறினோம். சிறிது நேரத்தில் செந்நிற எஃகு விட்டங்கள் சாளரத்தைக் கடந்து ஓடத் தொடங்கின. பேரன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தான். மிகக் கீழே நீர் மினுங்கியது. மகள் அதைப் பார்த்தவாறே, "பாம்பன்ல தண்ணி இன்னும் கிட்டக்கத் தெரியுமாமே, அத்தா?" என்றாள்.

'தெரியுமாமே'. கண்டவள் சொல்லும் சொல் அன்று; பிறர் சொல்லக் கேட்டவள் சொல்லும் சொல். நான் வாய் திறக்கவில்லை. அவள் கையைப் பற்றிக்கொண்டேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை, பாலம் எப்படி நிற்கிறது என்று பேரன் கேட்டான். அதை மக்களுக்கு விளக்கப் பேக்கர் காட்டிய செய்முறையைச் சொன்னேன். இருவர் நாற்காலிகளில் அமர்ந்து இரு புறமும் கைகளை நீட்டி, நாற்காலியில் ஊன்றிய கழிகளைப் பற்றிக்கொள்வர். வெளிக் கைகளைக் கனமான செங்கற்சுமை கீழிழுக்கும். உட்கைகளுக்கு நடுவே மூன்றாமவர் ஒரு பலகையில் தொங்கி அமர்வார். அன்று நடுவில் அமர்ந்தவர் வதனபே கைச்சி என்னும் ஜப்பானியப் பொறியாளர். நாங்களும் செய்து பார்த்தோம். ஒரு நாற்காலியில் நான், மறு நாற்காலியில் மகள், செங்கல்லுக்குப் பதில் அரிசிப் பைகள். மருமகன் பலகையைத் தாங்கிப் பிடிக்க, நடுவில் பேரன் கால்கள் தரையில் படாமல் ஒரு நிமிடம் அமர்ந்திருந்தான்.

கடன் தீர்ந்துவிட்டதா என்று வாசகர்கள் கேட்கலாம். கடன்பட்டவன் நான், அன்றைய பயணச் சீட்டுக்குப் பணம் கொடுத்தவளோ அவள். ஆகவே தீர்ந்தது என்று நான் எப்படிச் சொல்வேன்? 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பட்டு இரயில் ஓடுகிறது. அவர்கள் அடுத்த விடுமுறைக்கு வரும்போது, இன்ஷா அல்லாஹ், சீட்டு வாங்க வேண்டியவன் நான். நம் வீடுகளில் இன்றும் ஏதோ ஒரு பிள்ளை ஏதோ ஓர் இடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். அது எடின்பரோவாக இராது. பக்கத்து ஊர்க் கடற்கரையாக இருக்கும். அந்தப் பிள்ளை "சரி, அத்தா" என்று சொல்லப் பழகுமுன் புறப்பட்டுவிடுங்கள்.