எஞ்சினும் ஏழு பங்கும்

சென்ற ஆண்டு மழைக்காலத்து மாலையொன்றில், அரியலூரிலிருந்து சிமெண்ட் ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் திரும்பும் வழியில், மர்ஹூம் நம் அத்தா விட்டுச்சென்ற லாரி நின்றுபோயிற்று. சில மாதங்களாகவே அது நீலப்புகை கக்கிக்கொண்டிருந்தது. ஆயில் ஊற்ற ஊற்றக் குறைந்தது. மேட்டில் சுமை இழுக்கத் திணறிற்று. அன்று உள்ளிருந்து தட்டும் ஓசை எழுந்து, அத்துடன் எஞ்சின் அடங்கிவிட்டது. வண்டியை ஓட்டிவரும் நம் இளவல் அதைக் கட்டியிழுத்து வந்து பெரம்பலூர்ப் பட்டறையொன்றில் சேர்த்துவிட்டு, "அண்ணே, இதையே பிரித்துக் கட்டுவதா, வேறு எஞ்சின் மாற்றுவதா? நீங்கள் சொல்கிறபடி செய்வோம்" என்றார்.

மதரஸாவில் ஓதி, மதரஸாவிலேயே ஓதிக்கொடுத்துவரும் நமக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? எனினும் மூத்தவர் என்னும் முறையில் பட்டறைக்குச் சென்றோம்.

அந்த வண்டி 1977 ஆம் ஆண்டின் டாட்டா 1210. அத்தா 1984 இல் அதனை இரண்டாம் கையாக வாங்கினார். 1954 இல் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுடன் ஒப்பந்தம் செய்து லாரிகள் செய்யத் தொடங்கிற்று. அவ்வொப்பந்தம் 1969 இல் முடிவுற்று, முகப்பிலிருந்த மூன்றுமுனை விண்மீன் மறைந்த பின்னரும், நம் ஊரார் நாவில் அது 'பென்ஸ் லாரி'யாகவே நிலைத்தது. 1979 இல் அரியலூரில் அரசின் சிமெண்ட் ஆலை எழுந்தது. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றும் லாரிகளால் இந்தப் பகுதிச் சாலைகள் நிறைந்தன. அத்தாவின் வண்டி அரியலூர்ச் சிமெண்டையும் பெரம்பலூர்ச் சின்ன வெங்காயத்தையும் சுமந்தது. நாம் ஓதிய செலவும், தங்கையின் நிக்காஹ் செலவும் அதன் வாடகையிலிருந்தே வந்தன.

மேஸ்திரி பொறுமையாக விளக்கினார். வண்டியில் இருப்பது 692 என்னும் எஞ்சின். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டம் 92 மில்லிமீட்டர், பெயரிலேயே கணக்கு இருக்கிறது. இதனைப் பிரித்து, புது லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் போட்டு, ஹெட்டையும் டீசல் பம்பையும் சீர்செய்தால் ஒன்றரை இலட்சம் ஆகும். அன்றி, இதனினும் பெரிய 697 எஞ்சின் ஒன்றைப் பழையதாக வாங்கி மாட்டலாம், இழுவை கூடும், அதற்கு இரண்டு இலட்சம் வரை ஆகும். "பிளாக்கில் விரிசல் இருந்தால் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். கிராங்கைக் கால் மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராகத்தான் கடைய முடியும். ஒவ்வொரு கடைசலுக்கும் அதற்கேற்ற பேரிங் வேண்டும். கடைசி அளவைத் தாண்டிவிட்டால் அந்தக் கிராங்க் இரும்பு விலைக்குத்தான். ஆனால் ஹஜ்ரத், பழைய எஞ்சின் வாங்குவது அடுத்தவர் தேய்த்ததைத் தெரியாமல் வாங்குவது. அதற்குப் பில்லும் காகிதமும் சரியாக இருக்கவேண்டும்" என்றார். காகிதமில்லாத எஞ்சின் எவன் வண்டியிலிருந்து களவு போனதோ என்ற ஐயம் ஹலாலைப் பேணுபவருக்கு இருந்தேயாக வேண்டுமன்றோ?

மூன்றாவது வழியும் ஒன்று பேசப்பட்டது. பதினைந்து ஆண்டு கடந்த கனரக வண்டிகளின் தகுதிச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பன்மடங்கு உயர்ந்துவிட்டதால், இரும்பு விலைக்குப் போட்டுவிடுவதே நலம் என்றார் உறவினர் ஒருவர். நமக்கோ மனம் ஒப்பவில்லை. "அத்தா கைபட்ட எஞ்சின், எத்தனை செலவாயினும் இதையே கட்டவேண்டும்" என்றோம். சொல்லும்போது குரல் தழுதழுத்ததையும் மறைப்பதற்கில்லை.

பதிவுப் புத்தகத்தைப் பார்க்கவேண்டும் என்றார் மேஸ்திரி. எஞ்சின் மாற்றினால் பதினான்கு நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அறிவித்துப் பதிய வேண்டும் என்பது 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். புத்தகத்தைப் புரட்டிய இளவல் ஒரு பக்கத்தில் நின்றார். 1994 இல் எஞ்சின் மாற்றப்பட்டதாகவும், புது எண் இன்னதெனவும் அலுவலக முத்திரையுடன் அங்கே எழுதியிருந்தது. நாம் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலம் அது. நம் காதுக்கு வரவேயில்லை. நாம் உருகிய எஞ்சின், அத்தா முதலில் வாங்கிய எஞ்சினே அன்று. பழையது பயன்படாதென்றதும் தயங்காமல் மாற்றி, மறைக்காமல் பதிந்திருக்கிறார். அவர் இரும்பின்மீது பாசம் வைத்தவரல்லர். கணக்கின்மீது கவனம் வைத்தவர்.

அன்றிரவு செய்தி சொல்லத் தங்கைக்குத் தொலைபேசினோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கட்டுங்கள், மாற்றுங்கள், எது நல்லதோ செய்யுங்கள் அண்ணே. என்னை ஏன் கேட்கிறீர்கள்? அந்த வண்டியில் எனக்கு என்ன இருக்கிறது?" என்றார். அதில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. உண்மையாகவே தமக்கு ஒன்றுமில்லை என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். நமக்கு உறக்கம் வரவில்லை.

சிராஜிய்யா என்னும் ஃபராயிள் நூலைப் பல ஆண்டுகளாக மாணவர்க்கு நடத்தி வருகிறோம். மையித்தின் கடனும் வஸிய்யத்தும் போக, எஞ்சியது வாரிசுகளுடையது என்று தொடங்கும் பாடம். மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12 ஆம் வசனங்களில் அல்லாஹ் நிர்ணயித்த பங்கு அது. அத்தா மவுத்தாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தாயார், இரு ஆண்மக்கள், ஒரு பெண். சொத்தை நாற்பது பங்காக்கினால் தாயாருக்கு 5, நமக்கு 14, இளவலுக்கு 14, தங்கைக்கு 7. கரும்பலகையில் மாணவன் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடும் கணக்கு. அதனை நாம் நான்கு ஆண்டுகளாகப் போடவில்லை. வண்டியின் வாடகையை இளவல் பாதி, நாம் பாதியென எடுத்துக்கொண்டோம்.

ஆக, முதற் கேள்வி எஞ்சினைக் கட்டுவதா மாற்றுவதா என்பதன்று; அந்த எஞ்சின் யாருடையது என்பதே. கூட்டுச் சொத்தில் மற்ற பங்குதாரரின் இசைவின்றிச் செலவிடுபவர், பொதுவாக, தாமே மனமுவந்து கொடுத்தவராகவே ஹனஃபி நூல்களில் கருதப்படுவார். பின்னர் அச்செலவைக் கேட்கும் உரிமை அவருக்கில்லை. 'அத்தாவின் நினைவு' என்று நாம் சொல்லிக்கொண்டதெல்லாம் வண்டியைப் பிரிக்காமல் வைத்திருக்க ஒரு சாக்காகவும் ஆகியிருந்தது.

மறுநாள் கணக்கைப் பிரித்தோம். விவரமறிந்த மூவர் எஞ்சின் பழுதான நிலையிலேயே வண்டிக்கு 2,40,000 ரூபாய் மதிப்பிட்டனர். பங்கொன்றுக்கு 6,000. நான்கு ஆண்டு வாடகையில் டீசல், டயர், ஓட்டுநர் கூலி என்ற முறையில் இளவலுக்குரியது ஆகியவை போக நின்றது 3,20,000. பங்கொன்றுக்கு 8,000. தங்கைக்கு வண்டியில் 42,000, வாடகையில் 56,000, ஆக 98,000. தாயாருக்கு 70,000. நாம் எடுத்துக்கொண்ட 1,60,000 இல் நமக்குரியது 1,12,000 மட்டுமே. மீதி 48,000 அடுத்தவர் ஹக்கு. இளவலின் கணக்கும் அவ்வாறே. நாம் நம் 48,000 ஐ உடனே எடுத்து வைத்தோம். வண்டியை முழுமையாகத் தாமே வாங்கிக்கொள்வதாக இளவல் சொன்னார், தவணை எழுதிக்கொண்டோம். எழுதும்போது தங்கையும் தாயாரும் உடனிருந்தனர்.

"இத்தனை நாள் ஏனம்மா கேட்கவில்லை?" என்றோம். தங்கை தலைகுனிந்து, "கேட்டுவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு இந்த வீட்டு வாசலுக்கு வருவது?" என்றார். நம் இல்லங்களில் எத்தனையோ சகோதரியர் இதே அச்சத்தில்தான் வாய் மூடியிருக்கின்றனர். அவர்கள் மௌனத்தை நாம் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறோம்.

அதன் பின்னரே எஞ்சின் பிரிக்கப்பட்டது. பிளாக்கில் விரிசல் இல்லை. கிராங்க் கடைசி அளவையும் தாண்டியிருந்தது. இளவல் பில்லுடன் வேறு கிராங்க் வாங்கி, அந்த 692 எஞ்சினையே கட்டிக்கொண்டார். பிளாக் மாறாததால் பதிவுப் புத்தகத்தில் எண்ணும் மாறவில்லை. இம்முறை நம்மை அவர் கேட்கவில்லை. வண்டி அவருடையது, கேட்கவேண்டியதும் இல்லை.

இப்போது வண்டி அரியலூர்ச் சாலையில் ஓடுகிறது. மாதந்தோறும் முதல் வாரத்தில் தங்கைக்குத் தவணை போகிறது. முதல் தவணை கிடைத்த அன்று அவர் தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, நம் வண்டி நன்றாக இழுக்கிறதா?" விற்றுவிட்ட பின்னர்தான் அதனை 'நம் வண்டி' என்று அவர் சொன்னார்.