வால் தெரியும் குட்டை

மார்ச் 8, ஏற்காடு

பூமழை பெய்து ஒன்பதாம் நாள். தோட்டம் முழுக்கக் காபி பூத்துவிட்டது. விடியற்காலை ஆறு மணிக்கே எஸ்டேட் குட்டைக்குப் போய்விட்டேன். வடக்கு ஓரத்தில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். அங்கே ஒரு வால் நுனி மேலே எழுந்து, நடுங்கி, அமிழ்ந்தது. சாதாக் கெண்டை. தலையைச் சேற்றில் குத்தி மேய்கிறது.

சீஷெல்ஸிலும் ஃப்ளோரிடாவிலும் ஆழமில்லாத கடலோரத் திட்டுகளில் போன்ஃபிஷ் பிடிக்கப் போகிறவர்களும் இப்படி ஒரு வாலைத்தான் தேடி நடக்கிறார்கள். அங்கே வெள்ளை மணல், இங்கே செம்மண் சேறு. மீனுக்கு நம்மேல் இருக்கும் பயம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இரண்டாவது அடியிலேயே காலடியில் கல் நழுவியது. ஓரமெல்லாம் கலங்கிவிட்டது. மேட்டில் நின்றிருந்த காவல்காரப் பெரியவர், "செருப்பக் கழட்டிட்டு வாங்க தம்பி. அதுக்கு ஒடம்பு பூராவும் காது" என்றார். உண்மைதான். விலாவில் வால்வரை ஓடுகிற கோடு, நீரின் அதிர்வை உணர்கிற உறுப்பு.

3 மணி நேரம். மீன் இல்லை.

மார்ச் 9, இரவு

பத்தாம் நம்பர் முள்ளில் பழுப்புத் தையல் நூலைச் சுற்றி, சேவல் கழுத்து இறகை இரண்டு சுற்றுக் கட்டினேன். தட்டான் தண்ணீருக்குள் புழுவாக இருக்கும் பருவத்தின் சாயல் வந்துவிட்டது. பூச்சிபோல் கட்டிய இந்த முள்ளுக்கான ஃப்ளை தூண்டிலில் ஈயக்குண்டு கட்டி வீசுவதில்லை. எடை கயிற்றில்தான். கயிறு காற்றில் நீண்டு விரிந்து முள்ளைக் கொண்டுபோய் இறக்கும்.

மார்ச் 15

லேடீஸ் சீட்டிலிருந்து மேட்டூர் நீர்த்தேக்கம் தகடாகத் தெரிந்தது. அதற்கும் மேலே, கர்நாடகத்துக் காவிரியில், கலிபோரே தூண்டில் முகாம். மகசீர் பிடித்துவிட்டு மறுபடி ஆற்றில் விட்டவர்கள் அங்கே எழுதிவைத்த பதிவேடுகளை நினைத்துக்கொண்டே நின்றேன். 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரம் தூண்டில் போட்டு 6,161 மீன். மீன் கிடைக்காத மணியையும் விடாமல் எழுதினார்கள். அதனால்தான் பின்னால் ஆய்வாளர்களுக்கு உண்மை புரிந்தது. மொத்த மீன் கூடிக்கொண்டே போனபோது, காவிரிக்கே உரிய திமில் மகசீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. லோனாவ்லா பண்ணையில் பொரித்து, நல்லெண்ணத்தோடு ஆற்றில் விட்ட நீலத்துடுப்பு மகசீர்தான் பெருகியிருந்தது. 2018இல்தான் திமில் மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியானது: டார் ரெமாதேவியே. அதே ஆண்டு அது மிக அருகிய இனங்களின் பட்டியலிலும் ஏறியது.

கலிபோரே இருக்கும் சரணாலயத்தில் தூண்டில் போடுவது நின்றுபோனதில் எனக்கு வருத்தமில்லை. பதிவேடும் கூடவே நின்றுபோனதுதான் மனதை அறுக்கிறது.

மார்ச் 22

வெறுங்கால். ஒரு அடி வைத்து, நூறு எண்ணி, அடுத்த அடி. வாலுக்கு இரண்டு அடி முன்னால் முள் இறங்கியது. கிட்டே விழுந்தால் ஓடிவிடும், எட்டி விழுந்தால் பார்க்காது. கெண்டை உறிஞ்சும், பிடிக்காவிட்டால் அதே நொடியில் துப்பும். கைக்கு ஒன்றும் தெரியாது. வால் ஆட்டம் நின்றது. செவுள் ஒருமுறை விரிந்தது. கயிற்றை இழுத்தேன்.

பத்து நிமிடம் குட்டையைச் சுற்றவைத்தது. ஈரக் கையில் ஏந்தினேன். மீசை நான்கு, வாயோரம் ரப்பர்போல மெத்தென்று. விலாவில் பொன்னிறச் செதில். இதுவும் வெளியூர் இனம்தான். 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவந்தார்கள். குட்டைக்குள் இருக்கும்வரை சரி. இந்த மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு காவிரியில் போய்ச் சேர்கிறது. மழைக்காலத்துக்குள் வடிகால் வாயில் வலை கட்டச் சொல்லி எஸ்டேட் அண்ணனிடம் கேட்டேன். சரி என்றார்.

4 மணி நேரம். ஒரு கெண்டை. குட்டையிலேயே விட்டேன்.

மார்ச் 23

2 மணி நேரம். மீன் இல்லை. தெற்குக் கரையில் மூன்று வால்.