எல்லாம் தண்ணி ருசி

திண்டுக்கல் என்றதும் "பூட்டு" என்று பதில் வந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது பிரியாணி என்றுதான் வருகிறது. பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் கேட்பது என்னவோ "நல்ல பிரியாணி எங்கே கிடைக்கும்?" என்றுதான்.

ஆட்டோக்காரர் தலப்பாக்கட்டி என்பார், டீக்கடைக்காரர் வேணு என்பார், மூன்றாமவர் போர்டே இல்லாத ஏதோ ஒரு சந்துக்கடையைச் சொல்லுவார். சண்டை ஓய்வதற்குள் பசி வந்துவிடும். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று பேரும் ஒரே கட்சி. "மசாலா என்னங்க மசாலா, எல்லாம் தண்ணி ருசி!"

1957ல் நாகசாமி நாயுடு ஆரம்பித்தபோது கடையின் பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அவர் எப்போதும் தலப்பா கட்டியிருந்ததால் ஜனங்கள் வைத்த பெயர்தான் தலப்பாக்கட்டி. பிற்பாடு அந்தப் பெயருக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு போனது. (தலையில் கட்டிய துணிக்கு இவ்வளவு மதிப்பு!)

பாசுமதிக்கு இங்கே வேலை இல்லை. சீரக சம்பாதான். பொடிப்பொடியாக இருக்கும், ஆனால் கறிச்சாறை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். கறியையும் சின்னச் சின்னதாகத்தான் வெட்டுவார்கள். தக்காளியை நம்பாமல் தயிரும் எலுமிச்சையும் சேர்ப்பதால் லேசாகப் புளிப்பு தட்டும். காரம் பெரும்பாலும் மிளகுக்காரம். தொட்டுக்கொள்ளத் தயிர் வெங்காயம், தால்சா. வெளிநாட்டில் போல கறியைக் கனலில் வாட்டுவதை இங்கே தேடக்கூடாது. அந்த ஆசைக்கு இரும்புச் சட்டியில் சுருளச் சுருள வதக்கிய சுக்கா இருக்கிறது.

சாப்பிட்டது செரிக்க நடக்கலாம். நாகல் நகரில் சௌராஷ்டிரா பேச்சு காதில் விழும். மலைக்கோட்டைப் பக்கம் போனால் பேகம்பூர். 1755ல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு பௌஜ்தாராக வந்தார். அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் சமாதி இங்கேதான் இருக்கிறது, ஊர்ப்பெயரும் அதனால் வந்ததுதான். முத்தழகுபட்டியில் ஆகஸ்டில் புனித செபஸ்தியார் திருவிழா. காணிக்கையாக வந்த ஆடு, கோழிகளைச் சமைத்து ஊருக்கே கறிச்சோறு போடுவார்கள். அன்றைக்கு ஹோட்டல் பக்கம் யார் போவார்கள்?

இத்தனை ஆடு வெட்டினால் தோல் எங்கே போகும்? பேகம்பூர் பக்கம் போனால் தெரியும். தோல் பதனிடும் தொழில் அங்கே பழசு. அர்ஜென்டினாவில் குளிரூட்டும் கப்பல்கள் வருவதற்கு முன்பு தோலுக்காகத்தான் மாட்டைக் கொன்றார்களாம், கறியில் பெரும்பகுதி வெட்டவெளியில் கிடந்து அழுகுமாம். திண்டுக்கல்லில் அந்தக் கொடுமை இல்லை. கறியும் வீணாகாது, தோலும் வீணாகாது. வீணானது தண்ணீர்.

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பு தடவி வைப்பார்கள். பதனிடும் முன் அந்த உப்பையெல்லாம் கழுவி எடுக்க வேண்டும். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள், பிறகு குரோமியம் வந்தது. கழிவு நீர் நிலத்தில் இறங்கியது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களை ஒரு தொண்டு நிறுவனம் ஆராய்ந்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. 1996 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. வேலூர் வழக்கு என்று எல்லோரும் சொல்லும் அதே வழக்குதான். ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள், அதில் திண்டுக்கல்லும் ஒன்று.

ஆலைகளை மட்டும் திட்டிவிட்டுப் போவதும் சரியில்லை. எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறு போட்டது. ஆனால் கிணறு கெட்டவன் என்ன செய்வான்? தென்னை பட்டுப்போனால் அவனுக்கு பிரியாணிப் புகழ் சோறு போடாது.

அப்படியானால் அந்தத் தண்ணி ருசி? கடைக்காரரைக் கேட்டால் மேற்கே கையைக் காட்டுவார். மலையடிவாரத்து ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர். பக்கத்துக் கிணறு என்று யாரும் சொல்வதில்லை.