பெட்டி வந்தது, சுவர் வரவில்லை

திருவிழாக்களில் பம்பையும் பறையும் நின்ற இடத்தை டி.ஜே. செட்டின் ஆளுயரப் பெட்டிகள் பிடித்துக்கொண்டது குறித்து கடலூர் மாவட்டத்து மங்கலம்பேட்டை வட்டாரத்தில் வாக்குவாதம் எழும்போதெல்லாம், பழி வெளிநாட்டுக் கிளப்புகளின் மீதே விழுகிறது. சிங்கப்பூரில் வேரூன்றிவிட்ட கடலூர் மாவட்டத் தமிழரால் இப்பழியை ஏற்க இயலாது. ஊருக்கு வந்து சேர்ந்தது கிளப்பின் பெட்டி மட்டுமே, அதைச் சுற்றி அங்கே எழுப்பப்பட்டுள்ள சுவரும் விதியும் வந்து சேரவில்லை.

சிங்கப்பூரின் புகழ்பெற்ற 'ஸூக்' கிளப் 1991இல் ஜியாக் கிம் தெருவின் ஆற்றோரப் பழைய கிடங்குகளில் தொடங்கி, 2016இல் கிளார்க் கீ பகுதிக்கு இடம்பெயர்ந்தது. அதன் பெரிய கூடம் மின்னணு நடன இசைக்கும், 'ஃபியூச்சர்' என்ற துணை அரங்கு ஹிப்ஹாப்புக்கும் பெயர்பெற்றவை. இரண்டுக்கும் உயிர்நாடி 'பேஸ்' எனப்படும் அடித்தொனி. நொடிக்கு 50 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். சப்வூஃபர் என்னும் தாழ்தொனிப் பெட்டியிலிருந்து கிளம்பும் அத்தகைய நீண்ட அலை காதைவிட நெஞ்சுக்கூட்டில் உறைப்பதோடு, மெல்லிய சுவருக்கு அடங்காமல் அடுத்த வீட்டுத் தொட்டில்வரை சென்றுவிடும். அதை அடக்கக் கனத்த சுவர்களும் இடைவெளி விட்ட இரட்டைக் கதவுகளும் வேண்டும். அவற்றோடு உரிமமும் மூடும் நேரமும் வேண்டும். கேளிக்கையைப் பாவமென்று தூற்றாமல் அதற்கு எல்லை வகுத்து, ஆடுபவருக்கும் உறங்குபவருக்கும் ஒரே இரவில் இடம் தர முனைகிற இந்த மனப்பாங்கே அந்நாட்டில் மிகவும் போற்றத்தக்கது.

எனினும் அதே நாட்டிடம் கேட்க வேண்டிய கேள்வியும் உண்டு. ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞர், 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் இசைத்தட்டுகளைச் சுழற்றிய இரவே ஹிப்ஹாப்பின் பிறப்பாகக் கொண்டாடப்படுகிறது. புலம்பெயர்ந்தவர் ஒருவரின் தாளம் உலகை ஆளத் தொடங்கிய அதே 1973இல்தான் சிங்கப்பூர்த் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஊர்வலம் முடியும் டாங்க் ரோடு முருகன் கோயிலிலிருந்து கிளார்க் கீ நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது. ஆயினும் ஊர்வலப் பாதையில் நேரடி இசை குறிப்பிட்ட சில இடங்களிலேனும் ஒலிக்க 2016வரை காத்திருக்க நேர்ந்தது.

இங்கேதான் ஊரின் பெருமை நினைவுக்கு வருகிறது. கிளப்பின் வாசலில் நுழைவுக் கட்டணமும் உடைக் கட்டுப்பாடும் உண்டு. அந்நகரின் கோபுரங்களைக் கட்டும் தமிழ்த் தொழிலாளிக்கு அவ்வாசல் எட்டாதது. மங்கலம்பேட்டைத் தெருவில் பம்பை முழங்கும்போது கட்டணமும் இல்லை, வாயிற்காவலரும் இல்லை. பறையடித்தவரை விலக்கி நிறுத்திய சாதி வழக்கம் அந்தப் பெருமையின் மீதுள்ள கறை என்பதையும் மறைக்கலாகாது. அந்தக் கறைக்கு மருந்து பறையை விரட்டுவதன்று, அடிப்பவரை மரியாதையோடு நடுவில் நிறுத்துவதே.

இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள், மூடிய அரங்குகள் நீங்கலாக, இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடைசெய்து, விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை தளர்வளிக்க மாநில அரசுக்கு இடம் தருகின்றன. சட்டம் இருக்கிறது, கைக்கொள்ளும் மனம்தான் வேண்டும். விழாக்குழுவினர் பம்பைக்காரருக்குப் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்து அழைக்கட்டும், இளைஞர் விரும்பும் டி.ஜே. பெட்டிகளைப் பத்து மணிக்கு அணைக்கட்டும்.